உள்ளே பார்த்தவர் பெயர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சர்க்கரையும் உன் மனைவியின் தலைசுற்றலும் எந்த மட்டில் இருக்கின்றன? போனில் கேட்கலாம்தான். என் காது இருக்கிற லட்சணத்துக்கு, நீ அங்கே கத்துவது எதிர்வீட்டுக்காரிக்குத்தான் கேட்கிறது. அவள் வந்து எனக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். அதற்கு நீயே எழுதிவிடலாம்.

உன் வீட்டில் இருந்தவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. கோயிலின் ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவுக் குழுவுக்கு நீ தலைவன் என்று ஊரே சொல்கிறது. பந்தல் கடை வைத்திருக்கிறாய். ஏணி இருக்கிறது, கயிறு இருக்கிறது, ஏறுவதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் கோபுர வாசலுக்குள் கால் வைத்தால் வௌவால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. அண்ணாந்து கும்பிட்டேன், பட்டுப் புடவையில் சொத்தென்று விழுந்தது. பெருக்குகிற அம்மாள், வாளியும் கையுமாகத் திரிவாரே, வாளியம்மா, அவர்தான் ஓடி வந்து முந்தானையைக் கழுவிவிட்டார். "நானும் தினம் கழுவுறேன், அதுங்களும் தினம் போடுதுங்க" என்று என் காதுக்குள் கத்திவிட்டுச் சிரித்தார். அவருக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

சாமி இருக்கிற இடம் இப்படியா இருப்பது? எதையாவது செய். செய்துவிட்டு எழுது.

அக்கா


மார்ச் 16

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன், வெளியூர்ப் பந்தல் வேலைக்கு நடுவில். சர்க்கரை அடங்கியிருக்கிறது. இவளுக்குத் தலைசுற்றல் குறைந்து, நாக்கு மட்டும் சுற்றுகிறது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறீர்களா?

நீங்கள் உத்தரவு போட்டால் நடக்காமல் இருக்குமா? நேற்று ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டேன். கோபுரத்தின் முதல் நிலையில் ஓர் அறை இருக்கிறது. உள்பக்கம் பூட்டிய கதவு ஒன்று, வெளிப்பக்கம் ஆறு திறப்புகள். அவற்றின் வழியாகத்தான் அந்தச் சனியன்கள் போக வர இருந்தன. காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் போய், சாரம் கட்டி, ஆறு திறப்புக்கும் என் கடையிலிருந்த நைலான் வலையை இழுத்துக் கட்டினோம். நாற்பது வருடமாகப் பந்தல் போடுகிறவன் நான். இன்றுவரை என் முடிச்சு ஒன்று அவிழ்ந்ததில்லை.

கோயில் மேலாளர் நேரில் வந்து நின்றார். சும்மா நிற்பாரா, அச்சடித்த பாரம் ஒன்றையும் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஏணி எத்தனை அடி, ஏறுபவர் யார், உள்ளே பார்த்தவர் பெயர் என்ன என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பெயர் போட்டதில்லை. எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தேன். வாளியம்மா வந்து கீழே நின்று ஏதோ சொன்னார். ஏணியின் உச்சியில் நிற்பவனிடம் பேசினால் என்ன காதில் விழும்?

படம் வைத்திருக்கிறேன். சாரத்தின் மேல் நிற்பது நான்தான்.

உங்கள் தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். படத்தைப் பார்த்தேன். தொப்பையோடு சாரம் ஏறியிருக்கிறாய். தெருவில் நாலு பேரிடம் காட்டினேன். என் தம்பி கோயிலையே சுத்தம் பண்ணிவிட்டான் என்று கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன்.

ஒன்று கேட்க மறந்தேன். அவை இப்போது எங்கே போய்த் தொங்குகின்றன? பக்கத்தில் பெரிய மரம் ஏதும் நான் பார்க்கவில்லையே.

வாளியம்மாவின் கையைப் பார்த்தாயா? சலவைச் சோடாவும் தண்ணீருமாகக் கிடந்து விரலெல்லாம் வெடித்திருக்கிறது. ஒரு களிம்பும் இரண்டு பருத்திப் புடவையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் கடை முகவரிக்கு வரும். உன் கையால் கொடுத்துவிடு. உடனே பதில் எழுது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் எப்படி? கல்யாண சீசன், மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் தாமதம்.

பார்சல் வந்தது. கோயிலில் சின்னச் சின்ன வேலைகள் நடக்கின்றன. உள்ளே சில வௌவால்கள் இருந்திருக்கின்றன போலிருக்கிறது. கொஞ்ச நாள் வாடை இருந்தது. இப்போது சரியாகிவிட்டது. வாளியம்மா இப்போது வேலைக்கு வருவதில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ.

இங்கே வெயில் கொளுத்துகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது. ஐந்து வாரம் கழித்துப் பத்து வரி எழுதியிருக்கிறாய். அதில் இரண்டு வரி வெயில்.

'போலிருக்கிறது', 'என்னவோ' என்றெல்லாம் எழுதுகிற ஆளா நீ? பந்தலில் ஒரு கால் சாய்ந்தால்கூட யார் நட்டது, யார் இடித்தது என்று மூன்று பக்கம் எழுதுகிறவன் ஆயிற்றே. சில வௌவால் என்றால் எத்தனை? உயிரோடா, செத்தா? அந்த அம்மாளுக்கு உடம்புக்கு என்ன? பார்சல் வந்தது என்று எழுதியிருக்கிறாய், கொடுத்தேன் என்று எழுதவில்லை. மென்று விழுங்காதே. சின்ன வயதில் நீ பொய் சொன்னால் எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது கடிதமே போதுமாயிருக்கிறது.

உன் மனைவியை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். இவள் எழுத மாட்டேன் என்கிறாள். "உங்க அக்காவுக்கு நீங்களே எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்க" என்கிறாள். என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில்தான் அன்றைய நிலவரம் தெரிகிறது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வலை கட்டியபோது வௌவால்கள் உள்ளேதான் இருந்திருக்கின்றன. பகலில் அவை தூங்கும். பொழுது சாய்ந்துதான் வெளியே போகும். ஆறு திறப்பும் அடைபட்டதால் போக முடியவில்லை. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருநூற்றுப் பதினேழு. குட்டிகள் தாயின் மார்பில் பிடித்தபடியே இருந்தன, அவற்றைத் தனியாக எண்ணவில்லை. கோயிலைப் பாதி நாள் மூடிப் பரிகாரம் செய்தார்கள்.

விசாரணை நடந்தது. உள்ளே பார்க்காமல் விட்டதற்காக வாளியம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது மேலாளரின் முடிவு. தெரியாமல் நடந்தது, யாரை என்ன சொல்ல முடியும்?

குளத்துப் பக்கம் கொசு தாங்க முடியவில்லை. அத்தனை வௌவாலும் பொழுது சாய்ந்தால் அதைத்தான் தின்றுகொண்டிருந்தனவாம். நான்கு தெருவிலும் காய்ச்சல். இப்போது மேலாளர் புகை மருந்து அடிக்கிறார். அது குளத்தில் இறங்கி மீன் மிதக்கிறது. துப்புரவுக் குழு மீனை அள்ளுகிறது.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

சுகம்தான். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அன்று சாப்பிடவில்லை.

என் முந்தானையில் ஒரு சொட்டு விழுந்தது. துவைத்தால் போகிற கறை. அதற்காக அன்றைக்கு எழுதினேனே, எதையாவது செய் என்று. என்ன செய்வாய், எப்படிச் செய்வாய் என்று கேட்டேனா? அந்தக் குட்டிகளைப் பற்றி நீ எழுதிய வரி கண்ணை விட்டுப் போகவில்லை. படத்தை நாலு பேரிடம் காட்டினேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ சாரத்தில் நின்று சிரிக்கிறாய், உன் முதுகுக்குப் பின்னால் ஓர் அடியில் அவை இருந்திருக்கின்றன. படத்தைக் கிழிக்கப் போனேன். கிழித்தால் நான் எழுதியது இல்லையென்று ஆகிவிடுமா என்று வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. வேலை உன் குழுவுடையது. வலை உன் கடையுடையது. உள்ளே பார்க்க வேண்டியவர் பெருக்குகிற அம்மாள் என்று யார் சொன்னது? அவர் பார்த்ததாக எங்கே இருக்கிறது? அவருடைய முகவரியை எனக்கு அனுப்பு. நான் அவருக்கே எழுதிக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதுவேன், கிழிப்பேன். உங்கள் முழங்காலை விசாரித்துவிட்டு அதற்கு மேல் கை ஓடாது.

அந்தப் பாரத்தில், 'உள்ளே பார்த்தவர் பெயர்' என்ற கட்டத்தில் வாளியம்மா என்று எழுதியது நான்தான். அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. மேலாளர் அவசரப்படுத்தினார், கட்டம் காலியாக இருந்தது, அறைச் சாவி அவரிடம்தானே இருக்கும் என்று அவர் பெயரைப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஏணி பதினெட்டு அடி என்று எழுதிய கையோடு அதையும் எழுதினேன்.

சாவியையும் அன்று நான் வாங்கிக்கொண்டேன். யாராவது உள்ளே போய் வலையை அறுத்துவிடுவார்கள் என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அன்று ராத்திரி வெளியூர்க் கல்யாணப் பந்தலுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை வாளியம்மா கடைக்கு வந்து, உள்ளே சத்தம் கேட்கிறது, சாவி வேண்டும் என்று இவளிடம் கேட்டிருக்கிறார். இவள் போனில் சொன்னாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். செவ்வாயும் வந்திருக்கிறார். நான் புதன்தான் திரும்பினேன். இவள் பேசாமல் இருப்பது அதனால்தான்.

விசாரணையின்போது மேலாளர் பாரத்தை எடுத்து வாளியம்மாவிடம் காட்டிப் பெயரைப் படித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாளியம்மா என்னைப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை வேலைப் பட்டியலை நான்தான் பலகையில் எழுதிப் போடுவேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. குழுவில் பன்னிரண்டு பேர் என்னைத் தலைவர் என்கிறார்கள். அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரிந்தது.

போன வாரம் உங்கள் பார்சலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆம், அதுவரை அலமாரியில்தான் இருந்தது. ஒற்றை அறை, மகளோடு இருக்கிறார். வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கோயிலில் வௌவாலைப் பூட்டிக் கொன்ற அம்மாள் என்று பெயர் முன்னால் போய் நிற்கிறது. மகள் கதவருகிலேயே நின்று, உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னவர் வாளியம்மாதான்.

"அன்னிக்குப் பகல்ல கட்டாதீங்கன்னு சொல்லத்தான் ஏணிகிட்ட வந்தேன். குட்டி போட்டிருக்கிற காலம். ரெண்டு மாசம் போகட்டும், பொழுது சாஞ்சு அதுங்க கிளம்பின அப்புறம் கட்டலாம்னு சொல்ல வந்தேன்" என்றார்.

"பாரத்துல உங்க பேரை நான் எழுதினேன்னு தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"விடுங்கய்யா. என் மேல தப்பே இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். களிம்பை வாங்கிக்கொண்டார். புடவைகளை மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்கா, நீங்கள் என்னைத் திட்டி எழுதுங்கள்.

தம்பி


செப்டம்பர் 6

தம்பி,

திட்ட மாட்டேன். திட்டினால் உனக்குக் கணக்கு நேராகிவிடும்.

எனக்கு எழுதி என்ன பயன்? நான் அந்தக் கோயிலுக்கு மேலாளரா? நீ ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இங்கிருந்து வெகுதூரம், உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தப் பெயரை எத்தனை பேர் முன்னால் படித்தார்களோ அத்தனை பேர் முன்னால் சொல். அந்த அம்மாளையும் வரச்சொல்லிவிட்டுச் சொல். புடவையில் விழுந்ததற்குக் கோபப்பட்டு ஆரம்பித்து வைத்தவள் உன் அக்கா என்பதையும் சேர்த்துச் சொல். என்னை விட்டுவிடாதே.

அதுவரை எனக்கு எழுதாதே. நான் இன்று உன் சர்க்கரையை விசாரிக்கவில்லை, கவனித்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மேலாளரிடம் முதலில் போனேன். "அது முடிஞ்சுபோன விஷயம், எதுக்கு இப்பக் கிளறுறீங்க?" என்றார். அவருக்கும் பயம், அன்று அவசரப்படுத்தியவர் அல்லவா? நான்கு தடவை அலைந்தேன். கடைசியில், என்னமோ பண்ணுங்கள் என்று பாரம் இருந்த கோப்பை எடுத்துப் போட்டார்.

இன்று காலை குழுவில் எல்லாரும் இருந்தார்கள். வாளியம்மாவும் மகளும் வந்து தூணோரம் நின்றார்கள். பாரத்தில் நான் எழுதியதை, சாவியை எடுத்துப் போனதை, திங்களும் செவ்வாயும் அவர் தேடி வந்ததை, விசாரணையில் மரம் மாதிரி நின்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். பாரத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, பார்த்தவர் யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் மறுக்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது. மறுப்பார்கள் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

வலைகளை அவிழ்த்தோம். வாளியம்மாவை நாளை முதல் வேலைக்கு வரச்சொல்லி மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். இதுவரை எழுதியது உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கும் இருந்தது, ஒரு கால் மணி நேரம்.

எல்லாரும் கலைந்த பிறகு வாளியம்மா என்னிடம் வந்தார். மகள் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமாய்யா?"

"கேளுங்கம்மா."

"உள்ள அதுங்க இருக்குதுன்னு, திங்கக்கிழமை நான் வந்து சொன்னதுக்கு அப்புறம்தானே உங்களுக்குத் தெரியும்?"

அக்கா, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. உங்களுக்குக்கூட 'தெரியாமல் நடந்தது' என்றுதான் எழுதினேன். இன்று கூட்டத்திலும் அதைத் தாண்டிப் போகவில்லை. நாலாவது திறப்பில் வலையை இழுத்தபோதே என் காதுக்குப் பக்கத்தில் கீச்சென்று சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நிறைய. சுவரை நகத்தால் பிராண்டுகிற சத்தமும் கேட்டது. கீழே மேலாளர் நிற்கிறார், படம் எடுப்பவர் நிற்கிறார், இரண்டு திறப்புதான் பாக்கி. இறங்கிவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி சாரம் கட்ட வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாக வையுங்கள், வேலை செய்பவர்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று கீழே பார்த்துச் சொன்னேன். வைத்தார்கள். மீதி இரண்டையும் கட்டினேன்.

"ஞாயித்துக்கிழமையே கேட்டுச்சும்மா. கட்டுறப்பவே கேட்டுச்சு" என்றேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார், ஏசுவார் என்று நின்றேன்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேட்டுச்சுங்க" என்றார். "பெருக்கி முடிச்சுக் கிளம்புறேன், மேல சத்தம். கால் வலி. உங்க கடை வரைக்கும் நடக்கணுமேன்னு, காலையில சொல்லிக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கே வந்திருந்தா நீங்க ஊருக்குக் கிளம்பியிருக்க மாட்டீங்க. தெரிஞ்சதும் ஓடி வந்து தொறந்திருப்பீங்க, ஒண்ணுகூடச் செத்திருக்காது. நான் சோம்பேறித்தனம் பண்ணித்தான் அத்தனையும் போச்சுன்னு ஏழு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதான் அந்தப் பாரத்துல என் பேரைப் படிச்சப்ப வாயைத் திறக்கல. சரியாத்தானே எழுதியிருக்குன்னு இருந்துட்டேன்."

அவருடைய வேலையைப் பறித்தேன், பெயரைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் கொன்றதை அவர் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம், அத்தனையையும் கொன்றது தான்தான் என்று.

கையை ஊன்றி எழுந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நான் போயி என் பொண்ணுகிட்ட சொல்லணும்" என்றார்.

கால் வலிக்கிற அந்த அம்மாள் ஏறக்குறைய ஓடினார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா.

தம்பி